எண்ணூறு கிராம்

எடைக்குழுவின் நாற்பத்தோராவது கூட்டம் தொடங்கி ஐம்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. அதுவரை முடிவானது ஒன்றே ஒன்று: நாற்பதாவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு காற்புள்ளியை எடுத்துவிடலாம். அதற்கும் சக்கரப் பிரிவுக்காரர், தம் தலைமையகத்தைக் கேட்டுக்கொண்டு எழுத்துமூலம் உறுதிசெய்வதாகச் சொல்லியிருந்தார்.

அவள் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சில்லிட்ட தரையில் பாதங்களை ஊன்றிக்கொண்டாள். தலைக்கேறும் கோபத்தைக் கால்வழியே இறக்கிவிடலாம் என்று அவளுக்கொரு நம்பிக்கை. தரை சில்லிட்டதற்குக் காரணம், அந்தக் கூட்ட அறையின் ஏ.சி. இரண்டு வருடமாகப் பதினெட்டிலேயே நின்றுபோயிருந்ததுதான். அதைச் சரிசெய்வது கட்டடப் பிரிவின் வேலையா மின்பிரிவின் வேலையா என்ற கோப்பு இன்னும் மேலிடத்தில் நடந்துகொண்டிருந்தது.

நான்கு நாடுகள் சேர்ந்து நிலவுக்கு ஒரு ரோபோவை அனுப்பவிருந்தன. அது போய் இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் மனிதர்கள் இறங்குவார்கள். அதற்குள் அந்தத் தரையைத் தொட்டும் தோண்டியும் பார்த்து, காலை வைத்தால் தாங்குமா என்று சொல்ல வேண்டியது ரோபோவின் வேலை. ஒரு நாடு உடலையும் சக்கரங்களையும் செய்தது. இன்னொரு நாடு நீண்ட கை ஒன்றைச் செய்தது. அந்தக் கையின் உள்ளங்கையில் பதிக்கும் சின்னஞ்சிறு கேமரா அவளுடைய பிரிவின் பொறுப்பு. நான்காவது நாடு ராக்கெட்டைக் கொடுத்தது; ராக்கெட்டைக் கொடுப்பதால் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உரிமையும் அதற்கே போயிற்று. திரையில் ஒவ்வொரு முகத்தின் கீழும் ஆளின் பெயருக்குப் பதிலாகப் பிரிவின் பெயர்தான் தெரியும்: சக்கரம், கை, கண், தராசு. ஆறு வருடப் பழக்கத்தில் அவையே அவர்களின் பெயர்களாகிவிட்டன. அம்மா வைத்த பெயர்கள் விசாக் கடிதங்களில் மட்டுமே உயிர்வாழ்ந்தன.

கூட்டத்தின் பொதுமொழி நால்வரில் எவருக்கும் தாய்மொழி அல்ல. ஆகவே எல்லோரும் சிக்கனமாகத்தான் கோபப்பட முடிந்தது. அவள் காதில் மட்டும் அது உடனுக்குடன் தமிழாகி விழும். அந்தச் சலுகையையாவது இந்த ஆறு வருடத்தில் அவள் சம்பாதித்திருந்தாள்.

"மறுபடியும் சொல்றேன்," என்றார் தலைமை தாங்கிய தராசு. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் அந்த அம்மாளுக்கு விதியை வாசிக்கும்போது மட்டும் முகம் மலரும். "ரோபோவோட எடை இருநூத்திப் பன்னிரண்டு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் கூடாது. உங்க மூணு பேரோட பட்டியலையும் கூட்டினா எண்ணூறு கிராம் அதிகம் வருது. இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடறோம். நாளைக்குக் காலையில அந்த எண்ணை வச்சு எரிபொருள் கணக்கு ஆரம்பிக்கணும்."

"எல்லாத்தையும் ஒரு தடவை தராசில ஏத்திப் பாத்துட்டா என்ன?" என்று கேட்டாள் அவள்.

"பாகமெல்லாம் நாலு ஊர்ல கிடக்கு. ஒண்ணுசேர மூணு மாசம் ஆகும். இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிறது காகிதம்தான். காகிதத்துல குறைங்க."

"கொள்கையளவில், எங்ககிட்டக் குறைக்க ஒண்ணும் இல்லை," என்றார் கை. மெலிந்த, மிக மரியாதையான இளைஞர். 'கொள்கையளவில்' என்ற சொல் இல்லாமல் அவரால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. "கையில ஒரு விரலை எடுத்தா அது கை இல்லை, கரண்டி."

"சக்கரத்தைக் குறைச்சா உருளாது," என்றார் சக்கரம். அவர் எந்தக் கூட்டத்திலும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். "கேமரா எவ்வளவு எடை?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு மூன்று கூட்டங்களாகவே தெரியும்.

"எண்ணூத்திப் பத்து கிராம்."

"பாத்தீங்களா," என்று சக்கரம் தோள்களைக் குலுக்கினார், அந்த எண்ணை அவரல்ல, இயற்கையே நிர்ணயித்தது போல. "கச்சிதமாப் பொருந்துது."

"சட்டை இறுக்கமா இருக்குன்னு கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்றீங்க!"

"உடம்புமேலதான் வேற ரெண்டு கேமரா இருக்கே."

"இருக்கு. கை கீழ இறங்கிடுச்சுன்னா அந்த ரெண்டுக்கும் கையோட முதுகுதான் தெரியும். உள்ளங்கைக்குக் கீழ மண் எப்படி இருக்கு, புழுதி எவ்வளவு ஆழம்னு யார் பாக்கிறது?"

"அதை அழுத்தத்தை வச்சுக் கணிச்சுக்கலாம்."

"கணிச்ச இடத்துல நீங்க காலை வைப்பீங்களா சார்?"

அவர் இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். தராசு ஒரு மணிநேர உணவு இடைவேளை அறிவித்தார். சிலருக்கு அது காலையுணவு, ஒருவருக்கு இரவுணவு. நேர மண்டலங்களால் எல்லோரும் சமமாகத் துன்பப்பட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு விதி.

அவளைக் குடைந்தது ஆறு வருட உழைப்பு மட்டுமல்ல. போன வருடம் நேரில் கூடிய கூட்டத்தில், காபி இயந்திரத்தின் அருகே, இறங்கப்போகும் விண்வெளிப் பயணியை அவள் சந்தித்தாள். வேறொரு நாட்டுப் பெண்; அவளைவிட ஒரு சாண் குட்டை. இயந்திரம் காசை விழுங்கிவிட்டுக் கோப்பையைத் தராமல் நின்ற நேரம் அது. அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, "நான் கால் வைக்கப்போற இடத்தை முன்னாடியே நீங்க பாத்துடுவீங்கதானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பாத்துடுவேன்," என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. எந்த நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறாத வாக்குறுதி. ஏறியிருந்தால் நான்கு தலைமையகங்கள் அதற்குத் திருத்தம் சொல்லியிருக்கும். இப்போது அதைக் காப்பாற்ற அவள் ஒருத்திதான் இருந்தாள்.

கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அம்மா அழைத்தாள்.

"ஏண்டி, நீங்க மூணு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் போறீங்களா?"

"என்னம்மா ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு உன் தம்பி பதினொரு மணிக்குப் பதிவு பண்ணிருக்கான். அக்கா பதினொண்ணே காலுக்குப் பண்ணிருக்கா. நீ பதினொண்ணரைக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டாங்க, ஒரே பேர்ல மூணு பேரான்னு. எனக்கு இருக்கிறதே ரெண்டு கண்ணுதான். மூணாவதுக்கு யாரோட கண்ணைக் கொண்டுபோய்க் காட்டட்டும்?"

"அவங்க மறந்துடுவாங்கன்னு நினைச்சேம்மா. அதான் நானே பண்ணிட்டேன்."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. நீ மறந்துடுவேன்னு. இப்ப ரெண்டு பேர் ரத்து பண்ணுங்கன்னா, 'நான் ஏன் பண்ணணும், அவ பண்ணட்டும்'ங்கிறீங்க. உங்களைப் பெத்ததுக்கு…"

அம்மா அடுத்துச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றுபோயிற்று. 'மறந்துடுவாங்கன்னு நானே பண்ணிட்டேன்.' இந்த வாக்கியத்தை அவள் எங்கோ எழுதியிருக்கிறாள். பேனாவால், தன் கையெழுத்தில்.

"அம்மா, அப்புறம் பேசறேன்," என்று சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

அலுவலக அலமாரியில் அவளுடைய எடைப் பட்டியலின் முதல் பிரதி இருந்தது. 'இதர' என்ற தலைப்பின் கீழே, ஆறு வருடத்துக்கு முந்தைய மையில்: 'இணைப்பு கேபிள், 460 கிராம். மற்ற இருவரும் சேர்க்க மறந்துவிடக்கூடும். நாமே சேர்த்துவிடுவது உத்தமம்.'

அந்த கேபிளுக்கு ஒரு வரலாறு இருந்தது. உடலிலிருந்து மின்சாரத்தையும், விரல்களின் தொடு உணர்வையும், கேமராவின் படத்தையும் ஒருசேரச் சுமந்து, தோளிலிருந்து உள்ளங்கைவரை ஓடும் ஒரே கேபிள் அது. அது யாருடையது என்று முதல் வருடத்தில் எட்டுக் கூட்டங்கள் சண்டை போட்டு, கடைசியில் 'மூன்று பிரிவுகளும் கூட்டாகப் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதி எல்லோரும் கைகுலுக்கினார்கள். கூட்டாகப் பார்த்துக்கொண்டதன் அழகு போன மாதம்தான் தெரிந்தது. ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் குலுக்கல் சோதனையில் கேபிளின் உறையில் ஒரு கீறல் விழ, அதைச் சரிசெய்வது யார் என்று பத்தொன்பது நாள் மின்னஞ்சல் பறந்தது. 'உரிய பிரிவினரை அணுகவும்' என்று உரிய பிரிவினர் மூவரும் மாறிமாறி எழுதினார்கள். கடைசியில் கூரியர் ஆள் பொட்டலத்தை அவளுடைய கட்டட வரவேற்பறையில் இறக்கிவிட்டுப் போனான். நான்கு நாடுகளிலும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சம்மதித்த ஒரே ஜீவன் அந்த வரவேற்பாளர்தான்.

மற்ற இருவரின் பட்டியல்களும் ஆளுக்கு நூற்றெண்பது பக்கம். யாரும் யாருடையதையும் படித்ததில்லை. கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் எடுத்துக் கூட்டுவதுதான் வழக்கம். அவள் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். சக்கரத்தின் எழுபத்து மூன்றாம் பக்கம்: 'வெளிச்செல்லும் இணைப்புகள், 0.46 கிலோ.' கையின் நூற்றுப் பதினெட்டாம் பக்கம்: 'தோள் முதல் விரல் வரை நரம்பு, 460 கிராம்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் எரிச்சலாகவும் மாறிற்று. ஒரே கேபிளை மூன்று நாடுகள் தனித்தனியாக நிலவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

தூசு புகாத அறையில், வெள்ளை அங்கிக்குள், முடிச்சு அந்த கேபிளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேபிள் கட்டும் தொழிலில் இருபது வருடம்; அவர் நூலால் போட்ட முடிச்சை அவரேகூட அவிழ்க்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, இதை எடை போட்டுப் பாருங்க."

"எதுக்கு மேடம்? இதுதான் நம்மளது இல்லையே. நாளைக்குக் கீறலை ஒட்டிட்டுக் கையைக் கழுவிடலாம்னு இருக்கேன்."

"போடுங்கண்ணே."

எடைக்கருவி நானூற்று அறுபது என்று காட்டியது. அவள் விஷயத்தைச் சொன்னாள். முடிச்சு முகமூடிக்குள்ளேயே நீளமாக மூச்சு விட்டார்.

"அடிபட்டப்ப அநாதை. எடை போடறப்ப மூணு அப்பனா?"

மூன்று மணிக்குக் கூட்டம் மீண்டும் கூடியது. அவள் கேபிளைப் பையோடு எடுத்துவந்து திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். சுண்டுவிரல் தடிமன், அங்குலத்துக்கொரு நூல்கட்டு. முடிச்சு, படத்தில் விழாத ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோடது?"

சக்கரம் மெல்வதை நிறுத்தினார். "கீறல் விழுந்ததே, அந்த கேபிளா?"

"அதேதான்."

"அப்ப எங்களோடது இல்லை."

"கொள்கையளவில் எங்களோடதும் இல்லை," என்றார் கை. "எங்க கைக்குள்ள ஓடுது, அவ்வளவுதான். வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி."

"சரி. அப்ப உங்க பட்டியல்ல எழுபத்தி மூணாம் பக்கத்துல இது என்ன பண்ணுது சார்? உங்க நூத்திப் பதினெட்டுல? என்னோட பட்டியல்லயும் இருக்கு, நான் மறைக்கலை. இருக்கிறது ஒரு கேபிள். நாம கணக்கெழுதினது மூணு. ரெண்டை அடிச்சுட்டா தொள்ளாயிரத்தி இருபது கிராம் போயிடும். எண்ணூறுதான் அதிகம். யாரும் எதையும் பிடுங்க வேண்டாம்."

காகிதம் புரளும் ஓசை மூன்று கண்டங்களிலிருந்து வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று அவள் செருப்பில் காலை நுழைத்தாள், அவசரப்பட்டுவிட்டாள்.

"அப்படின்னா ரெண்டு பிரிவு தப்பா எழுதியிருக்கு," என்றார் தராசு. அவர் முகம் மலரத் தொடங்கியிருந்தது. "விதி ஒன்பது. தப்பா எழுதினவங்க பிழை அறிக்கை தரணும். காரணம், பொறுப்பாளர், இனி நடக்காம இருக்க எடுத்த நடவடிக்கை. அந்த ரெண்டு பேர் யாரு?"

"நாங்க எழுதினது சரி," என்றார் சக்கரம். "கூட்டுப் பொறுப்புன்னு ஒப்பந்தமே சொல்லுது. மத்த ரெண்டு பேரும் எழுதினதுதான் தப்பு."

"ஒப்பந்தம் எங்களுக்கும் அதையேதானே சொல்லுது?" என்றார் கை.

"நான் தர்றேன் பிழை அறிக்கை," என்றாள் அவள். "இப்பவே."

"நல்லது. நானூத்தி அறுபது குறைஞ்சது. இன்னும் முந்நூத்தி நாப்பது அதிகம். இரண்டாவது பிரிவு?"

பிழை அறிக்கை போனால் தம் அமைச்சகம் மூன்று மாதம் விசாரிக்கும் என்றார் சக்கரம். தம் இயக்குநர் ஒப்புதல் தர வேண்டும், அவர் இப்போது விமானத்தில் இருக்கிறார் என்றார் கை. மணி நாலு ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பெருந்தன்மையோடு சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் சாப்பிட்ட சோற்றுக்கு மூன்று பேர் கணக்கெழுதிவிட்டு, தப்பு யாருடையது என்று ஊரைக் கூட்டியது போல இருந்தது அவளுக்கு.

அப்போது, திரையில் அதுவரை கறுப்பாகக் கிடந்த ஒரு சதுரம் விழித்துக்கொண்டது. பயணி. பயிற்சி உடையில், கலைந்த தலையோடு.

"இறங்கப்போறது நான். எனக்கு ஒரு ஓட்டு உண்டா?"

"பயணி எடைக்குழுவில் உறுப்பினர் இல்லை," என்றார் தராசு, வருத்தத்தோடுதான். "பார்வையாளர்."

"பார்வையாளர்தான். அதான் பார்க்கிறதுக்கு ஒரு கேமரா இருக்கட்டும்னு கேக்கிறேன்."

சதுரம் மறுபடி கறுத்தது. அவளுக்குள் எதுவோ ஒன்று, கால்வழியே இறங்க மறுத்து நேராக வாய்க்கு வந்தது.

"போதும். அந்த கேபிளை எனக்கே கொடுத்துடுங்க. ரெண்டு பேரும். எழுதிக் கொடுங்க. முழுசா எங்களோடதுன்னு ஆகட்டும். பொருள் கைமாறினா பழைய ஆளோட பட்டியல்லேர்ந்து அது போயிடுமில்ல? அதுல யாரும் தப்புப் பண்ணினதா ஆகாதே?"

தராசு கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். பக்கங்கள் புரண்டன. "விதி பதினேழு. ஒப்படைப்புப் படிவம்." அவர் முகம் முழுநிலவாகிவிட்டது. "ஆகும். பிழை அறிக்கை வேண்டாம். ஆனா ஒரு சிக்கல். அவங்களோடது இல்லைன்னு சொல்ற பொருளை அவங்க எப்படி ஒப்படைக்க முடியும்?"

சக்கரம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஒப்படைக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் எங்களோடதுன்னு வச்சுக்குங்க."

"கொள்கையளவில், எங்களோடதும்," என்றார் கை.

"விதி பதினேழு, இரண்டாம் பத்தி," என்று தராசு தொடர்ந்தார். "பெறும் பிரிவு அந்தப் பொருளோட சோதனை, பழுது, கோளாறு, அதனால வர்ற எல்லா விளைவுக்கும் பயணம் முடியற வரைக்கும் முழுப் பொறுப்பு. பதினோரு வருஷம். தெரியுமில்ல?"

முடிச்சு நாற்காலியோடு நகர்ந்து வந்து அவள் முழங்கையைத் தட்டினார். "தாயே, பேனாவைக் கீழ வைங்க," என்று கிசுகிசுத்தார். "கேமரா கெட்டா கேமராதான் கெடும். இது கெட்டா மொத்தக் கையும் செத்துப்போகும். நாலு நாட்டு விசாரணையும் நம்ம வாசல்லதான் வந்து நிக்கும். வேணாம்னு தள்ளிவிட்டதையெல்லாம் நம்ம தலையில கட்டறாங்க."

"தெரியுதுண்ணே."

"தெரிஞ்சுமா?"

"நீங்க போட்ட முடிச்சு அவிழுமா?"

முடிச்சுக்கு அது அவமானமாகப் பட்டது. "நானே நினைச்சாலும் அவிழாது."

"அப்புறம் என்ன?"

அவள் கையெழுத்துப் போட்டாள். மற்ற இருவரின் கையெழுத்துகளும் நாற்பது விநாடிக்குள் வந்து சேர்ந்தன. ஒரு காற்புள்ளிக்குத் தலைமையகத்தைக் கேட்க வேண்டியிருந்தவர், ஒரு கேபிளைக் கழற்றிவிட யாரையும் கேட்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மொத்தம் திரையில் வந்தது: இருநூற்றுப் பதினொரு கிலோ எண்ணூற்று எண்பது கிராம். உள்ளங்கைக் கேமரா அதன் வரிசையில் பத்திரமாக இருந்தது.

"கொள்கையளவில்," என்று கை தொண்டையைச் செருமினார், "மீதி இருக்கிற அந்த நூத்தி இருபது கிராம்…"

"வேண்டாம்," என்றாள் அவள். அந்தச் சொல்லை அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

"அப்புறம் மேடம்," என்றார் சக்கரம், மென்றபடி. "உங்க கேபிள்ல ஒரு கீறல் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் கவனிச்சா நல்லது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கவனிப்பதாகச் சொன்னாள். கைபேசியில் அக்காவுக்கும் தம்பிக்கும், 'வெள்ளிக்கிழமை அம்மாவை நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ரத்து பண்ணுங்க' என்று அனுப்பினாள். தம்பியிடமிருந்து ஒரே நொடியில் கட்டைவிரல் வந்தது. அக்காவிடமிருந்து நாலரை நிமிடக் குரல்பதிவு வந்தது. அதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவற்றுக்குக் கீழே தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: 'அப்ப, பாத்துடுவீங்கதானே?'

'பாத்துடுவேன்,' என்று மறுபடி எழுதினாள். இந்தத் தடவை அது எழுத்தில் இருந்தது.

உரிமை மாறிய பொருளில் உரிமையாளர் பெயர் ஒட்டப்பட வேண்டும் என்பது விதி பதினேழின் கடைசி வரி. முடிச்சு உதட்டைப் பிதுக்கியபடி, உருகாத, உதிராத வெள்ளி லேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதில் பிரிவின் பெயரை எழுதி, கேபிளின் கழுத்தில் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். தராசு அம்மாள் திரைக்குள்ளிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த லேபிள் எத்தனை கிராம்?" என்று கேட்டார். "பட்டியல்ல சேர்த்தாச்சா?"

அவள் மேசைக்கடியில் மறுபடி செருப்பைக் கழற்றினாள்.